ஏழாம் நம்பர் மலையில் சொன்ன மிச்சக் கதை

பாக்கியக்கா இறந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். போன ஞாயிறு ஒரு வாரமலரில் அவளைப் பற்றி இரண்டு பத்தி போட்டிருந்தார்கள். "பிரபல திகில் நாவலாசிரியை பாக்கியலெட்சுமி சின்னராசா, வயது முப்பத்தைந்து, பதினொரு நாவல்களை எழுதியவர். முதல் நாவல் 1996இல் பதுளையில் வெளிவந்தது." அவ்வளவுதான்.

அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முதல் நாவல் வராமலே போயிருக்கும். அது எப்படி வந்தது என்பது வெள்ளைக்கல் தோட்டத்தில் அன்று கொழுந்து எடுத்த இருபத்துமூன்று பெண்களுக்குத்தான் தெரியும். அவர்களில் நானும் ஒருத்தி.

பிற்பாடு அவள் பெயர் எங்கெல்லாமோ போனது. பதுளை பஸ் நிலையத்துப் புத்தகக் கடையில் அவள் புத்தகத்தைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அப்புத்தளை ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டவர்கள் அதை வாங்கி வாசித்துவிட்டு அடுத்த ரயிலையும் தவறவிட்டதாகச் சொல்வார்கள். எல்லவில் ஹோட்டல் வேலைக்குப் போன எங்கள் ஆட்கள் லீவில் வரும்போது, "அக்கா, அடுத்தது எப்ப?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வாசகர்கள் எல்லாரும் ஆச்சரியப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. பாக்கியக்காவின் பேய்கள் பகலில்தான் வரும். நல்ல வெயிலில், ஆட்கள் சுற்றி நிற்கும்போது, சத்தம் போடாமல் வந்து நிற்கும். அத்தியாயங்களும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கும். ஒரு பத்திரிகைக்காரர் இதை "தனித்துவமான உத்தி" என்று எழுதினார். அவள் அதை வாசித்துவிட்டு, "உத்தியா? ஒரு நிறுவைக்கும் அடுத்த நிறுவைக்கும் நடுவுல அவ்வளவுதானே நேரம் கிடைக்கும்," என்றாள்.

அதை விளக்க வேண்டும்.

வெள்ளைக்கல், ஹாலிஎலவிலிருந்து மேலே ஏறினால் வரும் தோட்டம். அவளுடைய அப்பா சின்னராசா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்பு எரிக்கும் வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுப்பாள். எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. அவர்களுடையது ஐந்தாவது, எங்களுடையது ஆறாவது. நடுவில் இருந்தது பலகைச் சுவர் என்பதால் அங்கே பேசுவது இங்கே கேட்கும். கடையில் சீனியும் பருப்பும் சுற்றிக் கொடுக்கும் பத்திரிகைத் தாளை அவள் பிரித்துத் தடவி நேராக்கி வாசிப்பாள். அதில் எப்போதும் ஏதாவது தொடர்கதையின் நடுப்பகுதி இருக்கும். முன்னும் இருக்காது, பின்னும் இருக்காது. மிச்சத்தை அவளே இட்டுக்கட்டி எனக்குச் சொல்வாள். கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவள் ஒருநாள் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து தட்டிய தட்டில் என் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு இரண்டு தடவையும் போய்விட்டது. அதே வருஷம் அம்மாவுக்கு முழங்கால் வீங்கி மலை ஏற முடியாமல் போக, அம்மாவின் கூடையை இவள் எடுத்துக்கொண்டாள். எனக்கு அவளைவிட இரண்டு வயது குறைவு. 1995இல் நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் நானும் கூடையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனேன். அதனால்தான் எல்லாவற்றையும் நேரில் பார்த்தேன்.

மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை. கங்காணிதான் பிரித்துக் கொடுப்பார். அந்த நிரையில் இருக்கும் தேயிலைச் செடியெல்லாம் அவள் பொறுப்பு. பாக்கியக்கா தன் நிரையில் நடந்தபடியே கதை சொல்வாள். குரலை உயர்த்த மாட்டாள். இரண்டு பக்கமும் உள்ளவர்கள் கேட்க வேண்டுமென்றால் அவளுக்குச் சமமாக வர வேண்டும். அவளுக்கோ கை ரொம்ப வேகம். அதனால் கதை கேட்கிற ஆசையில் எல்லார் கையும் வேகமாயிற்று. முன்பு முக்கி முனகி வந்த இராக்கம்மா அக்காகூட, "ஏ பாக்கியம், நில்லுடி, அவன் கதவத் தொறந்தானா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவருவாள். கங்காணி அழகையா முதலில் அதட்டினார். இரண்டு வாரம் நிறுவையைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பாக்கியக்காவுக்கு எப்போதும் நடு நிரையைக் கொடுத்தார்.

எடுத்த கொழுந்தை நிறுக்க, காலை, மத்தியானம், சாயந்தரம் என்று நாளுக்கு மூன்று நிறுவை. விசில் அடித்தால் கூடையோடு போய் வரிசையில் நிற்க வேண்டும். விசில் அடிக்கும் நேரம் பார்த்து, கதவு திறக்கும் இடத்தில், கை தோளில் படும் இடத்தில், அவள் நிறுத்திவிடுவாள்.

"ஏண்டி, இதுல விட்டா எப்படிடி சோறு எறங்கும்?" என்பாள் இராக்கம்மா அக்கா.

"எறங்காட்டி எனக்குக் குடுங்க," என்பாள் இவள்.

சொன்ன கதைகளை வீட்டில் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தாள். அந்த ஒக்டோபரில் ஒருநாள் கொப்பியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு பதுளைக்குப் போனோம். கடைத்தெருவில் ஸரூக் நானாவின் அச்சகம். கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் அடிக்கிற இடம். அவர் நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தார். டீ வந்து ஆறிப்போனது.

"தங்கச்சி, கத சோக்கா இருக்கு," என்றார். "ஆனா வாங்குறதுக்கு ஆளிருக்கா? ஒண்ணு செய்யுங்க. மார்கழி மாசம் ஒங்க ஆக்கள் கல்யாணம் வைக்க மாட்டாங்க. மெஷின் சும்மாதான் நிக்கும். அதுக்கு முந்தி, புத்தகம் வந்தா வாங்குவோம்னு நூறு பேர்ட பேர எழுதிக்கொண்டு வாங்க. பேரும் லயமும் இருந்தாப் போதும். நான் அடிச்சுத் தாறேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் சிரித்துவிடுவோம் போல இருந்தது.

பெயர் சேர்க்க ஆரம்பித்தோம். மூன்று வாரத்தில் எழுபத்திரண்டு. இராக்கம்மா அக்காவுக்குக் கையெழுத்தே போட வராது. "எனக்கு வாசிக்கத் தெரியாட்டி என்ன, என் மக வாசிக்க நான் கேட்டுக்கிறேன். எழுது," என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

அப்போது மலையில் ஓடிக்கொண்டிருந்த கதைதான் பின்னால் அந்த முதல் நாவல் ஆயிற்று. பெரட்டில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற களத்தில், இருபத்துமூன்று பெயர் கூப்பிடுகிறார்கள். இருபத்துமூன்று பேர் மலைக்குப் போகிறார்கள். ஆனால் சாயந்தரம் பார்த்தால் இருபத்துநான்கு நிரை எடுத்து முடிந்திருக்கிறது. ஓடைப் பக்கம் இருக்கிற கடைசி நிரையை யாரோ சுத்தமாக எடுத்திருக்கிறார்கள். யாரென்று தெரியவில்லை. காலையில் முதல் கைக்கொழுந்தைக் கூடையில் போடும்போது விளைச்சல் பெருக எல்லாரும் சேர்ந்து "பொலி" என்று சொல்வது எங்கள் வழக்கம். கதையில் எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, ஓடைப் பக்கமிருந்து இன்னொரு "பொலி" வரும்.

இவ்வளவும் சரி. பாக்கியக்கா ஒரே ஒரு தவறு செய்தாள். எந்த மலை என்று இராக்கம்மா அக்கா கேட்டபோது, யோசிக்காமல், "நம்ம ஏழாம் நம்பர்தான்," என்று சொல்லிவிட்டாள். தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு. வாரத்துக்கு ஒருதடவை ஒவ்வொரு மலைக்கும் போயாக வேண்டும். ஏழாம் நம்பரில் நிஜமாகவே ஓடை உண்டு. நிஜமாகவே அதன் ஓரத்தில் கடைசி நிரை உண்டு.

அடுத்த திங்கட்கிழமை ஏழாம் நம்பருக்குப் போனோம். மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி நின்றது. மலை முழுக்க இளம்பச்சை. ஓடை ஓரத்தில் மட்டும் ஒரு கோடு கரும்பச்சையாகத் தெரிந்தது. முதலில் பார்த்தது இராக்கம்மா அக்கா. கடைசி நிரையில் ஒரு கொழுந்து இல்லை. மேலிருந்து கீழ்வரை சுத்தமாக எடுத்திருந்தது.

யாரும் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். இருபத்துமூன்று பேரும் சத்தமில்லாமல் திரும்பி ரோட்டுக்கு ஏறிவிட்டோம். நான் அடிக்கடி திரும்பி எங்களை எண்ணிக்கொண்டே ஏறினேன்.

கணக்கப்பிள்ளை சிவசுப்பிரமணியம் மோட்டார் சைக்கிளில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்கல்லில் பதினெட்டு வருஷம் இருந்தும் பேச்சு மட்டும் மாறவில்லை.

"என்ன, எல்லாரும் ரோட்டில நிக்கிறியள்?"

"ஏழாம் நம்பர்ல எறங்க மாட்டோங்க ஐயா," என்றாள் இராக்கம்மா அக்கா. "அவ எடுத்துட்டுப் போயிருக்கா."

"ஆர் அவ?"

விஷயம் முழுவதும் வெளியே வந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பாக்கியக்காவையே பார்த்தார்.

"விசர்க்கதை சொல்லி ஒரு மலையையே முத்த விடப்போறியோ பிள்ளை? இண்டைக்கு இவையள் மூண்டாம் நம்பருக்குப் போகட்டும். நாளைக்குக் காலமை பெரட்டில நீ எல்லாருக்கும் முன்னால நிண்டு, நான் சொன்னது பச்சைப் பொய் எண்டு சொல்லோணும். இல்லாட்டி உனக்கும் ஸ்டோரில அடுப்பெரிக்கிற கொப்பருக்கும் வேலை நிப்பாட்டுவன்."

அன்று சாயந்தரம் ஐந்தாம் காம்பரா வாசலுக்கு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சண்டை போடவில்லை. கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, "பாக்கியம், கோவிச்சுக்காத. என் பேர வெட்டிரு. அந்தப் பொஸ்தகம் வீட்டுக்குள்ள வந்தா அவளும் கூட வருவா," என்றார்கள். எழுபத்திரண்டு இருபத்தாறாக ஆனது. இராக்கம்மா அக்கா எல்லாரும் போன பிறகு வந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லடி. என் மக பயப்படுறா," என்றாள். அவள் மகளுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். இருபத்தைந்து.

சின்னராசா மாமா அடுப்பு வேலையிலிருந்து கரி முகத்தோடு வந்து உட்கார்ந்தார். "பொய்தானேம்மா? பொய்னு சொல்லிட்டுப் போயேன்."

"பொய்னு சொன்னா நாளைக்கு எறங்குவாங்களாப்பா? அப்ப கொழுந்த யாரு எடுத்தான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? அப்படியே நம்பினாலும், அதுக்குப் பொறகு நான் வாயத் தொறந்தா யாரு பக்கத்து நிரையில ஓடியாருவாங்க?"

அவர் கரியைக் கழுவ எழுந்து போனார்.

பிறகு வந்தவர் கங்காணி அழகையா. உள்ளே வர மாட்டேன் என்று வாசலிலேயே குந்தினார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"பாப்பா, அந்த நிரைய எடுத்தது நான்தான்."

நாங்கள் வாயைப் பிளந்தோம்.

"ஞாயித்துக்கெழம, ஆபீசுக்குச் சொல்லாம, என் ரெண்டு மருமகளையும் கூட்டிக்கிட்டுப் போனேன். கொழுந்து முத்துதேன்னு. ஒரு நிரை முடிக்கயில மழை புடிச்சிருச்சு, வந்துட்டோம். இது வெளிய தெரிஞ்சா கங்காணி வேல போயிரும். முப்பது வருஷம்." எழுந்திருக்கப் பார்த்து மறுபடி குந்தினார். "சொல்லணும்னா சொல்லிரு. ஒன் பொழப்பும் இருக்குல்ல. சொல்லாம இருந்தா நல்லதுன்னு மட்டும் சொல்ல வந்தேன்."

அவர் போன பிறகு நான், "நல்லதாப் போச்சுக்கா, நாளைக்கு இத எடுத்து விடு," என்றேன். ஒரு வாக்கியத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். வேலை போகாது, பெயர்கள் திரும்ப வரும். பாக்கியக்கா என்னை முறைத்தாள்.

"அந்தாளு வாசல்ல குந்திக்கிட்டுப் பேசினதப் பாத்தல்ல? போயி படு."

மறுநாள் பெரட்டுக் களத்தில் மூடுபனி. முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். எங்கள் கூட்டம் மட்டுமில்லை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள், ஸ்டோர் ஆட்கள், எல்லாரும் நின்று பார்த்தார்கள். அழகையா பேர்க் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"வா பிள்ளை. சொல்லு," என்றார் கணக்கப்பிள்ளை.

பாக்கியக்கா முன்னால் போனாள். கூடையைக் கழற்றவில்லை.

"பொய்தாங்க ஐயா. நான் இட்டுக்கட்டின கததான்."

கணக்கப்பிள்ளை எங்கள் பக்கம் திரும்பினார். "கேட்டியள்தானே?"

"அப்ப கடசி நிரைய எடுத்தது யாரு?" என்றாள் இராக்கம்மா அக்கா. கூட்டம் முழுக்க அதே முணுமுணுப்பு. அழகையா கண்ணை மூடிக்கொண்டார்.

"அது எனக்குத் தெரியும்," என்றாள் பாக்கியக்கா. "யாரு எடுத்தா, எதுக்கு எடுத்தா, அவ யாரு, அந்தக் கத எப்படி முடியுது, எல்லாம் எனக்குத் தெரியும். இங்க சொல்ல மாட்டேன். ஏழாம் நம்பர்ல, நடு நிரையில போய்க்கிட்டே சொல்லுவேன். இன்னைக்கோட கத முடியும். வர்றவங்க வரலாம். வராதவங்க வந்தவங்ககிட்டக் கேட்டுக்குங்க. ஆனா நான் சொன்ன மாதிரி அவங்க சொல்ல மாட்டாங்க."

திரும்பி நடந்தாள். தனியாக. மூடுபனிக்குள் கூடை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

நான் ஓடினேன். எனக்குப் பின்னால் இராக்கம்மா அக்காவின் குரல்: "நாசமாப் போனவளே, இரு. திருநீறு பூசிக்கிட்டு வர்றேன்."

இருபத்துமூன்று பேரும் வந்தோம். ஒருத்தி எலுமிச்சம்பழம், ஒருத்தி கற்பூரப் பெட்டி, ஒருத்தி இடுப்பில் விளக்குமாற்றுக் குச்சி. நிரை பிடித்து நின்றோம். முதல் கொழுந்தைக் கிள்ளினோம். யாரும் "பொலி" சொல்லவில்லை. சொன்னால், எல்லாரும் சொல்லி முடித்த பிறகு ஓடைப் பக்கமிருந்து இன்னொன்று வந்துவிடுமோ என்று எல்லாருக்கும் ஒரே நினைப்பு. கையில் கொழுந்தோடு இருபத்துமூன்று பேர் சிலையாக நின்றோம்.

"பொலி," என்றார் அழகையா. முப்பது வருஷத்தில் ஒரு கங்காணி தனியாகப் பொலி சொன்னது அன்றுதான். நாங்களும் மெல்லச் சொன்னோம். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். ஓடையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். இராக்கம்மா அக்கா பொசுக்கென்று சிரித்தாள். அதோடு எல்லாரும் சிரித்துவிட்டோம்.

பாக்கியக்கா சொல்லத் தொடங்கினாள். அவள் அன்று சொன்ன மாதிரி எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை என்பேன். இருபத்துநாலாவது நிரையை எடுத்தவள் எப்போதோ அந்த மலையில் வேலை செய்தவள். சாயந்தர நிறுவைக்கு முன்னால் செடிக்குள்ளே விழுந்து செத்துப்போனாள். நிறுவைக்கு வரவில்லை என்று அன்றைக்கு அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். அவள் கேட்டது வேறொன்றுமில்லை, ஒருநாளாவது தன் பெயரைக் கூப்பிட வேண்டும்.

மத்தியான நிறுவைக்கு விசில் அடிக்கும் நேரம் ஆகிவிட்டது. கணக்கப்பிள்ளை காலையிலிருந்து மேலே ரோட்டில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றவர், எப்போது இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. இப்போது எங்களுக்கு மூன்று நிரை தள்ளி, தேயிலைக்கு நடுவில் நின்றார். கதையில் கங்காணி பேர்க் கொப்பியைத் திறந்து, வெட்டிய பெயரைத் தடவிப் பார்க்கிற இடம். அழகையா விசிலை வாயில் வைத்தார்.

"பொறும் கங்காணி," என்றார் கணக்கப்பிள்ளை, கடிகாரத்தைப் பார்க்காமலே. "இன்னும் ஐஞ்சு நிமிசம் கிடக்கு."

கதையில் கங்காணி அந்தப் பெயரைக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்று பதில் வந்தது. பக்கத்திலிருந்து, கூட்டத்துக்குள்ளேயிருந்து.

"பொறகு?" என்றாள் இராக்கம்மா அக்கா.

"பொறகென்ன. பேர் கூப்பிட்டாச்சே. அன்னையிலருந்து அவ ஓடைப் பக்கம் நிக்கிறதில்ல. எல்லாரோடயும் வேலைக்கு வாறா, எல்லாரோடயும் வீட்டுக்குப் போறா. கடசியா நடக்கிறவங்களுக்கு ஒரு பயமும் இல்ல. அவ நடுவுலதான் வருவா."

விசில் அடித்தது. நிறுவைக்கு நடந்தபோது நடுவில் நடக்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. எல்லாரும் கடைசி ஆளாக நடக்கப் பார்த்ததில் பாதையில் ஒரே நெரிசல். சிரிப்பு, திட்டு, கூடைகள் முட்டிக்கொண்டன. நிறுவைத் தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போதே இராக்கம்மா அக்கா, "என் பேர வெட்டினியா? திரும்ப எழுது. மொதல்ல எழுது," என்றாள். அந்த வரிசையிலேயே கொப்பியைத் திறந்தோம். சாயந்தரத்துக்குள் கவ்வாத்து ஆண்களும் வந்தார்கள், ஸ்டோர் ஆட்களும் வந்தார்கள். நூற்றுப் பதினேழு. கடைசிப் பெயரை ஒரு துண்டுத் தாளில் அழகையா கொண்டுவந்து கொடுத்தார். "கமலாதேவி, உத்தியோகத்தர் குவாட்டர்ஸ்" என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது. கணக்கப்பிள்ளையின் மனைவி பெயர்.

ஸரூக் நானா சொன்ன சொல் மாறவில்லை. தைப்பொங்கல் முடிந்த வாரம் புத்தகக் கட்டுகள் ஹாலிஎல பஸ்ஸின் மேல்தட்டில் வந்து இறங்கின. மை வாசனை போகாத புத்தகத்தைப் பாக்கியக்கா ஒவ்வொரு காம்பராவாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று லயத்தில் எந்தப் பக்கம் காது கொடுத்தாலும் யாரோ யாருக்கோ வாசித்துக் காட்டும் சத்தம்தான்.

மறுநாள் பெரட்டுக்குக் கணக்கப்பிள்ளை வரவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் பிந்தாத மனுஷர். அழகையா பெயர் கூப்பிட்டு முடித்து, வெயில் சுள்ளென்று ஏறிய பிறகுதான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இறங்கினார். நாங்கள் எல்லாரும் பார்ப்பதைப் பார்த்தார்.

"வீட்டுக்காரி ராத்திரி புத்தகத்தை வாசிச்சுப்போட்டு, விடியமுன்னம் என்னை வெளிக்கிட விடேல்லை," என்றார். பிறகு பாக்கியக்கா பக்கம் திரும்பாமல், பேர்க் கொப்பியைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "பிள்ளை, அடுத்தது எந்த மலையில?"

"இன்னும் யோசிக்கலீங்க ஐயா."

"ஓம், ஆறுதலா யோசி," என்றார். "எனக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லிப்போடு."